விண்ணப்பத்தில் ஒரே ஒரு பெயர்

மலாக்கா காஜா பெராங்கில் முனிசிபல் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஒரு செங்கல் மண்டபம் இருக்கிறதே, அதைக் கட்டியவன் நான். அதற்குப் பக்கத்துக் கிணற்றின் சுற்றுச்சுவர், நான். கோவிலுக்குப் போகிற வழியில் சாக்கடையைத் தாண்ட ஒரு சின்னப் பாலம்… அதுவும் நான். ஜப்பான்காரன் காலத்தில் இடிந்துபோன வீடுகளில் எத்தனைக்கு மறுபடி சுவர் எழுப்பினேன் என்று எனக்கே கணக்கில்லை.

படிப்பு? ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டுக்கு விறகு பிளந்தேன். பதினொரு வயதில் சாந்துச் சட்டி என் தலையில் ஏறியது. இருபத்தைந்தில் இறங்கியது. அன்றிலிருந்து மேஸ்திரி.

பெருமை பேசுகிறான் என்பீர்கள். பேசுகிறேன். எனக்காக வேறு யார் பேசப்போகிறார்கள்?

சந்தேகம் இருந்தால் போன சனிக்கிழமை நடந்ததைக் கேளுங்கள்.

புக்கிட் பாருவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் கொடுக்கிற விழா. பள்ளி விட்டபின் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் மையங்கள் இப்போது ஊருக்கு ஊர் வருகின்றன அல்லவா… அவற்றில் வேலை செய்கிறவர்களுக்கு அரசாங்கம் ஒரு பயிற்சி வைத்தது. மூன்று வாரம் பாடம், ஆறு மாதம் மையத்தில் வேலை, அதன்பிறகு சான்றிதழ். காஜா பெராங் மையத்துக்காக மேடை ஏறி வாங்கியவர் தங்கவேலு என்கிற இளைஞர். கிளேபாங்காரர். நல்ல பையன். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நன்றி சொல்ல ஆரம்பித்தார்கள். இலாகாவுக்கு நன்றி. தலைமையாசிரியருக்கு நன்றி. நாற்காலி இரவல் கொடுத்த கடைக்காரருக்கு நன்றி. ஒலிபெருக்கி கட்டியவருக்குக்கூட நன்றி. மையமே என் மண்டபம். என் பெயர் வரவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு பயிற்சி கொடுத்தவர் மைக்கைப் பிடித்தார். கையில் ஒரு பால் டின். மூடியை வெட்டி, கம்பியில் காது வைத்து, பச்சைச் சாயத்தில் ஒரு மீன் வரைந்த டின்.

"இது நம் பயிற்சியில் உருவான புது முறை" என்றார். "ஒரு பிள்ளைக்கு ஒரு டின், ஒரு படம். வந்தவுடன் தன் டின்னை எடுத்து ஆணியில் மாட்ட வேண்டும். ஒரு பார்வையில் யார் வந்தார், யார் வரவில்லை என்று தெரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட வருகை எடுக்கலாம்."

கைதட்டல்.

அந்தப் பச்சை, என் பட்டறையில் கதவுக்கு அடித்தது போக மிஞ்சிய சாயம். நான் எழுந்தேன்.

"ஐயா ஏதாவது சொல்லணுமா?" என்றார் மேடையில் இருந்தவர். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஒண்ணுமில்லீங்க. கால் மரத்துப்போச்சு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் உட்கார்ந்தேன்? வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவன் இந்த மேஸ்திரி என்று பத்திரிகையில் இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் ஏன் உட்கார்ந்தான்? அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

லயத்தில் இருக்கிறவர்கள் ரோடு கூட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி ஒரு மணிக்கு விட்டுவிடும். தாய் தகப்பன் வருவது ஐந்து மணிக்கு. நடுவில் நாலு மணி நேரம் பிள்ளைகளுக்கு ரோடுதான் வீடு. ஒருவனின் பாதத்தில் லாரி ஏறியது. அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன், நாலு சுவரும் ஒரு கூரையும் போடுவதென்று.

எங்கள் சங்கச் செயலாளர் முத்தையா முனிசிபல் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. இங்கிலீஷ் படித்தவர். அவர் அப்போது சொன்னது: "மேஸ்திரி, ஊருக்கு வாசகசாலை இல்ல. நீங்க பிள்ளை மேய்க்கக் கொட்டகை கட்றீங்களா?"

"ஆமாங்க கிராணியாரே. மாடு மேய்க்க ஆபீஸ் இருக்கறப்ப பிள்ளை மேய்க்கக் கொட்டகை இருந்தா என்ன?" என்றேன். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

கட்டி முடித்தேன். முப்பது நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். பிறகு? சுவர் எழுப்பத் தெரிந்தவனுக்குப் பிள்ளையை உட்கார வைக்கத் தெரியவில்லை. கையில் பிரம்போடு நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். அப்போது வந்தவள் காமாச்சி.

காமாச்சி மலாக்கா செட்டி. கூப்பிடு தூரத்தில்தான் அவர்கள் குடியிருக்கிற கம்பம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து இந்த மண்ணிலேயே கலந்துவிட்டவர்கள். கும்பிடுவது நம் சாமி, பெண்கள் உடுத்துவது மலாய்க்காரிகளைப் போல சாரோங்கும் கெபாயாச் சட்டையும், பேசுவது மலாய். தமிழில் நாலைந்து சொல் வரும். காமாச்சி கான்வென்டில் ஏழாவது வரை இங்கிலீஷ் படித்தவள். புருஷன் இல்லை. கிளேபாங் பக்கம் கூடையில் பலகாரம் விற்றுக்கொண்டிருந்தாள். அண்ணன் மகனை விடுவதற்காக வந்தாள்.

வாசலில் நின்று என்னையும் பிரம்பையும் பார்த்தாள். உள்ளே வந்து, "மாமா, அதைக் கொடுங்க" என்று மலாயில் கேட்டாள். கொடுத்தேன். பிரம்பின் நுனியில் ஒரு துணியைச் சுற்றி, மூலையில் இருந்த ஒட்டடையை அடிக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றோடு பிரம்புக்கு அந்த வேலைதான்.

மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் பலகாரக் கூடை வரவில்லை, அவள் மட்டும் வந்தாள். நான் பச்சைப்பயறும் சீனியும் வாங்கிப் போட்டேன், அவள் கஞ்சி காய்ச்சினாள். பாடம் சொல்லிக் கொடுத்தாள். சண்டையை விலக்கினாள். பேன் பார்த்தாள். பிறகு ஒரு நாள், "மாமா, ஆணி வேணும். நிறைய" என்றாள்.

"புதுப் பூச்சு அது. என் சுவத்துல ஆணியா?"

"நீங்களே அடிங்க. அப்ப சுவர் உடையாது."

அடித்தேன். காபிக்கடைகளில் வீசி எறிந்த பால் டின்களைப் பொறுக்கி வந்து, கழுவி, விளிம்பைத் தட்டி, காது வைத்து, படம் வரைந்தாள். மீன், குடை, சேவல், நிலா. அதே டின்தான் வருகைக்கும், அதே டின்தான் கஞ்சிக்கும்.

இப்படி இரண்டு வருஷம்.

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்தது. கொடி மாறியது. நமக்கும் நல்ல காலம் என்றார்கள். என்ன வந்ததோ இல்லையோ, காகிதம் வந்தது. எதற்கும் ஒரு விண்ணப்பம். முன்பு நம்மைத் தெரியாத துரை நம்மை ஆண்டான். இப்போது நம்மைத் தெரிந்தவர்களே காகிதத்தைப் பார்த்துத்தான் நாம் யார் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

அப்படித்தான் இந்தப் பயிற்சியின் சேதியும் வந்தது. மையங்களுக்கு உதவி தருவார்கள். ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். நம் மையத்துக்கு ஒரு இடம். ஆறாம் வகுப்புப் படிப்பு வேண்டும், நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும்.

விஷயம் தெரிந்த அன்றே காமாச்சி கேட்டாள். அதுவரை என்னிடம் ஆணியைத் தவிர எதையும் கேட்டவள் இல்லை.

"மாமா, அந்தக் கோர்ஸுக்கு என் பேரைப் போடுவீங்களா? சர்டிபிகேட் இருந்தா இது எனக்கு வேலை. இல்லாட்டி நான் சும்மா வந்துபோற ஆள்."

"போடாம வேற யார் பேரைப் போடப்போறேன்?" என்றேன். சத்தியமாக அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு நாளில் இலாகா அதிகாரி பார்வைக்கு வந்தார். சின்ன வயது மலாய்க்காரர், மரியாதைக்காரர். கூடவே முத்தையா, சங்கத்து ஆட்கள் நாலு பேர். எல்லோரும் உள்ளே வந்து சுவரைப் பார்த்து நின்றார்கள். வரிசையாக டின்கள். அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இது யாருடைய யோசனை என்று கேட்டார்.

"சாயா" என்றேன். நான்தான் என்று மலாயில்.

எப்படி வந்தது அந்தச் சொல்? நாலு பெரிய மனுஷர் சுற்றி நிற்கிறார்கள். மூன்றாம் வகுப்புக்காரனைப் பார்த்து ஒரு அதிகாரி தலையசைக்கிறார். வாய் தானாகத் திறந்தது. அவ்வளவுதான்.

வரிசையில் ஆறு டின்களில் படம் சுவரைப் பார்த்து இருந்தது. இவை ஏன் இப்படி என்று கேட்டார்.

"பிள்ளைங்க குறும்பு" என்று சொல்லி, ஆறையும் என் கையாலேயே திருப்பி நேராக மாட்டினேன். அடுப்பருகே அகப்பையோடு நின்ற காமாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

மேசையில் உட்கார்ந்தோம். முத்தையா தமிழில் கேட்டு விண்ணப்பத்தில் இங்கிலீஷில் எழுதினார். வயதையும் படிப்பையும் பயிற்சி தொடங்கும் நாளில்தான் பார்ப்பார்களாம்.

"மண்டபம் கட்டினது?"

"நான்."

"பொறுப்பு யாரு?"

"நான்."

"வருகை எடுக்கிற முறை?"

"அதான் சொன்னேனே. நான்."

"தினப்படி பிள்ளைகளைப் பார்த்துக்கறது?"

இந்த இடத்தில் நின்றேன். காமாச்சி பக்கம் பார்த்தேன். முத்தையா பேனாவைத் தூக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பார்த்துச் சொல்லுங்க மேஸ்திரி. தமிழ் தெரியாத பொம்பளை பேரைப் போட்டா நாளைக்கு சங்கத்துல வாய்க்கு வந்ததைப் பேசுவாங்க."

பழியை முத்தையா மேல் போட்டுவிட்டுத் தப்பலாம். அவரும் இதைப் படிப்பார், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். மூன்று தடவை 'நான்' சொன்ன வாய், நாலாவது தடவை வேறு சொல்லுக்குத் திரும்பவில்லை.

"நான்தான். எழுதுங்க" என்று சொல்லி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

காமாச்சி எங்கள் எல்லோருக்கும் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அதிகாரி அவளைப் பார்த்து, உதவிக்கு இருக்கிறீர்களா என்று மலாயில் கேட்டார்.

"ஆமா. உதவிக்கு" என்றாள்.

மூன்று வாரம் கழித்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. யாரிடம் கொடுப்பேன்? அவளிடமே கொடுத்தேன். படித்தாள்.

"பேர் உங்களுது, மாமா."

"முழுசாப் படி."

"இதான் முழுசு."

"அட, அது ஒண்ணுமில்ல. நேர்ல போய் மாத்திடுவோம்" என்றேன். சுவர் கோணலாக இருந்தால் இடித்துக் கட்டுவதில்லையா? அப்படி நினைத்துக்கொண்டேன்.

பயிற்சி தொடங்கும் நாளில் இருவரும் பஸ் ஏறி புக்கிட் பாரு போனோம். மடிப்புக் கலையாத கெபாயா, கையில் புது நோட்டு, இரண்டு பென்சில். எனக்குப் பக்கத்தில் அவ்வளவு நிமிர்ந்து அவள் நடந்து நான் பார்த்ததில்லை. மேசையில் இருந்தவர் நம் ஆள்தான். கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்தெட்டு. கோர்ஸ் எனக்கில்ல தம்பி, இவங்களுக்கு. பிள்ளைகளைப் பார்த்துக்கறது இவங்கதான்."

அவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். "அப்ப இதுல இவங்க பேர் எங்கே இருக்கு? நாலு இடத்துலயும் உங்க பேர்தானே இருக்கு?"

"அது… சும்மா பேச்சுல சொன்னது."

"பேச்சுல சொன்னா பரவாயில்ல ஐயா. கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

கெஞ்சினேன். யாரிடமும் கெஞ்சாத நான், ஒரு கெபாயாக்காரிக்காகக் கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை, உள்ளே போய்க் கேட்டும் வந்தார். பட்டியல் முடிந்துவிட்டது. காத்திருந்தவர்களில் முதல் ஆளைக் கூப்பிட்டார்கள். தாழ்வாரத்தில் நின்றிருந்த தங்கவேலு உள்ளே போனார். ஆறாம் வகுப்பு இருந்தது, வயதும் இருந்தது. பிள்ளைகளோடு ஒரு நாள் இருந்து பழக்கமில்லை. அதைக் கேட்க விண்ணப்பத்தில் இடம் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். அடுத்த வருஷமும் கோர்ஸ் வரும், அப்போது முதல் பேர் உன்னுடையது, நானே இலாகாவுக்கு நேரில் போகிறேன், அப்படி இப்படி என்று.

"மாமா, எனக்கு அடுத்த மாசம் நாற்பது முடியுது" என்றாள்.

அவள்தான் என்னைத் தேற்றினாள். "தாக் அப்பா, மாமா." பரவாயில்லை என்பதற்கு மலாயில் சொல்வது அது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பயிற்சியின்போது ஒரு நாள் எல்லோரையும் நம் மண்டபத்துக்குக் கூட்டி வந்தார்கள். டின்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விளக்கியது யார்? உதவிக்கு இருந்த காமாச்சிதான். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அங்கே போய்த்தான் அது 'பயிற்சியில் உருவான முறை' ஆனது.

மூன்று வாரம் முடிந்து தங்கவேலு பொறுப்புக்கு வந்தார். ஒரு வாரம் அவருக்கு வேலையைப் பழக்கிவிட்டு, அகப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள் காமாச்சி. சண்டை இல்லை, சத்தம் இல்லை. மறுநாள் வரவில்லை. இப்போது கிளேபாங்கில் மறுபடியும் கூடை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மனிதன் தன் தப்பைத் தானே ஊருக்குச் சொல்வானா என்ன?

இரண்டு மாதம் முன்பு மண்டபத்துக்குப் போனேன். ஓடு ஒழுகியது, பார்க்கப் போனேன். நிலாப் படம் போட்ட டின்னுக்குரிய சின்னப் பெண் தன் டின்னை, படம் சுவரைப் பார்க்கும்படி மாட்டினாள். தங்கவேலு நேராகத் திருப்பினார். கோபமாக இல்லை, சொல்லிக் கொடுத்தபடி. அவர் அந்தப் பக்கம் போனதும் அவள் மறுபடியும் திருப்பி வைத்தாள்.

"ஏம்மா, நிலாவுக்கு வெட்கமா?" என்றேன்.

"இல்ல தாத்தா. மத்தியானம் சோறு இல்ல. அதுக்கு."

"எதுக்கு?"

"சுவத்தைப் பாத்து மாட்டுனா வீட்ல சோறு இல்லன்னு அர்த்தம். காமாச்சி அக்கா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ரெண்டு அகப்பை ஊத்துவாங்க. இந்த அண்ணனுக்குத் தெரியல."

நான் சுவரோரப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். நான் போட்ட பலகைதான். அதிகாரி வந்த அன்றைக்கு நான் திருப்பி மாட்டிய ஆறு டின்கள். என் மண்டபம், என் சுவர், என் ஆணி… அதில் இரண்டு வருஷமாக தினம் ஆறேழு பிள்ளைகள் வாய் திறக்காமல் பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரியாதவன்தான் 'நான்' என்று நாலு தடவை எழுத வைத்தான்.

"அன்னைக்கு நான் திருப்பிட்டேனே, அந்தப் பெரியவங்க வந்த அன்னைக்கு. அப்போ?"

"அக்கா முன்னாடியே பாத்து வச்சிருந்தாங்க" என்றாள்.

தங்கவேலுவிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "இது என் நோட்டுல இல்லீங்களே ஐயா" என்றார். அன்று முதல் அவரும் இரண்டு அகப்பை ஊற்றுகிறார். நல்ல பையன் என்று முதலிலேயே சொன்னேன்.

ஆனால் சனிக்கிழமை மேடையில் அந்த டின்னைத் தூக்கிக் காட்டியவர், சுவரைப் பார்க்கிற டின்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது. இனி எல்லா மையத்திலும் ஆணி அடிப்பார்கள், டின் மாட்டுவார்கள், எல்லாப் படமும் நேராக நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அதனால்தான் எழுந்தவன் உட்கார்ந்தேன். எழுந்து என்ன சொல்ல? என்னுடையது என்றா? அதை ஒரு தடவை சொல்லி வந்த வினை போதாதா? காமாச்சியுடையது என்றா? அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அத்தனை முகத்துக்கு நடுவில் அது என்னிடம் இல்லை. கால் மரத்துப்போனது என்று சொன்னது முழுப் பொய் இல்லை.

உங்கள் ஊருக்கும் இப்படிப் பயிற்சிகள் வரும். வரட்டும். நம் இளைஞர்கள் போகட்டும், பெண்கள் போகட்டும். விண்ணப்பம் வந்தால், கட்டடம் கட்டியவனிடம் கொடுக்காதீர்கள். சங்கத்துப் பெரியவரிடம் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிடுகிற கை எது என்று பார்த்து, அந்தக் கையில் கொடுங்கள்.

இனி முத்தையாவுக்கு. மண்டபத்தின் வரலாறு என்று ஒரு பக்கம் எழுதி, சங்க ஆண்டு மலரில் போடப்போகிறீர்களாமே. விழாவில் விட்டுப்போனதைச் சரிக்கட்ட, 'உங்க பேரை எப்படிப் போடணும் மேஸ்திரி?' என்று நேற்று ஆள் அனுப்பிக் கேட்டீர்கள். இதோ பதில். எல்லோர் முன்னாலும் கேட்கிறேன், மறுக்க முடியாது.

மண்டபத்தைக் கட்டியவன் நான் என்று போடுங்கள். ஆணி அடித்தவனும் நான், அதையும் விடாதீர்கள். டின்னும் படமும், சுவரைப் பார்த்து மாட்டுவதன் அர்த்தமும் காமாச்சியுடையவை. அதை முதலில் போடுங்கள், தமிழ் தெரியாத பொம்பளை என்று எவன் கேட்டாலும் என்னிடம் அனுப்புங்கள். அவளுக்கு வர வேண்டிய ஒரே ஒரு இடத்தைக் கெடுத்தவன் யார் என்று அதற்குக் கீழே ஒரு வரி வர வேண்டும். ஒலிபெருக்கி கட்டியவருக்குக் கிடைத்த மரியாதை எனக்கும் கிடைத்தாக வேண்டும். என் பங்கு எனக்கு வேண்டும்.

அந்தக் கடைசி வரியில் என் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.